ஓடி முடித்த பத்தாவது நிமிடம்

மூன்று மாதம், வேலைக்கு நான்கு நாள் விடுப்பு, அதில் ஒரு நாள் முழுக்க வீண். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகனுக்கு உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா என்று ஒரு தாளில் எழுதி வாங்க இவ்வளவு பாடு.

அவன் 2.4 கிலோமீட்டரை ஓடி முடித்துவிடுவான். திடலோரம் உட்கார்ந்த பிறகுதான் இருமல் பிடிக்கும், நெஞ்சு விசிலடிக்கும். பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போய் எங்கள் எண் வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் நெஞ்சு சுத்தம். "ஓடும்போது வராதது உட்கார்ந்தால் வருமா? பதற்றமாக இருக்கும்" என்று இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை, அவன் இருமுவதைக் கைப்பேசியில் பிடித்த 40 விநாடிக் காணொளியைக் காட்டினேன். மருத்துவர் ஒலியைக் கூட்டி மறுபடி கேட்டார். மருத்துவமனையில் ஓடவிட்டு மூச்சை அளக்கும் சோதனைக்குப் பரிந்துரைக் கடிதமும் நீல நிற இன்ஹேலரும் அன்றே கைக்கு வந்தன. சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் படிவமெல்லாம் ஐந்து நிமிட வேலை.

வீணான நாளுக்குக் காரணம் பாதி நான், பாதி மருத்துவமனை முகப்பு. முன்தினம் தொலைபேசியில், "எதையாவது தவிர்க்க வேண்டுமா?" என்று கேட்டேன். "15 நிமிடம் முன்னால் வாங்க, போதும்" என்றார் அந்தப் பெண். ரயிலில் மூச்சு வாங்கிவிடுமோ என்ற பயத்தில் கிளம்பும்போது இரண்டு முறை இன்ஹேலரை அழுத்திக் கொடுத்தேன். அங்கே போனதும் தாதி கேட்ட முதல் கேள்வியே அதுதான். 8 மணி நேரத்துக்குள் போட்டிருந்தால் சோதனை கிடையாது. கடிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது: காப்பி, தேநீர், கோலா கூடாது, காலையில் ஓடியாடக் கூடாது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அடுத்த தேதி ஐந்து வாரம் தள்ளி.

அந்த ஐந்து வாரத்துக்குள் என் நாத்தனார், "பையன் பயப்படுறான் அண்ணி, பாதி மாத்திரை கொடுங்க" என்று, தான் மேடையேறும்போது படபடப்பு அடங்கப் போட்டுக்கொள்ளும் புரோப்ரனலாலை நீட்டினார். நல்லவேளை, பைக்குள் போட்டு வைத்தேனே தவிரக் கொடுக்கவில்லை. பிறகு மருத்துவரிடம் காட்டியபோது அவர் முகமே மாறிவிட்டது. மூச்சுக்குழாயை விரிக்கும் அட்ரினலின் வந்து ஒட்டும் இடத்தையே அது அடைத்துவிடுமாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து.

சோதனை நாளில் முதலில் ஊதியது 2.90 லிட்டர், ஒரே விநாடியில். மூக்கில் கிளிப் மாட்டி, நடைபொறியில் 8 நிமிட ஓட்டம். இறங்கியதும் ஊதினான், ஒன்றுமில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, இதுவும் வீண்தானா? ஐந்தாவது நிமிடத்தில் 2.61. பத்தாவது நிமிடத்தில் 2.38. 18 விழுக்காடு சரிவு. 10 தாண்டினாலே ஆஸ்துமாப் பக்கம்தான். பிள்ளைக்கு மூச்சு இறங்கியதைப் பார்த்து நிம்மதியடைந்த அம்மா நானாகத்தான் இருப்பேன்.

ஓடும்போது வராதது உட்கார்ந்ததும் ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவரிடமிருந்து பதில் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. ஓடும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, குழாய் திறந்தே இருக்கிறது. நின்றதும் சில நிமிடங்களில் அது வடிந்துவிடுகிறது. ஆனால் வாய்வழியே வேகவேகமாக இழுத்த காற்றில் குழாயின் உட்புறம் ஏற்கெனவே காய்ந்துபோய், ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்று இறுக்கும் பொருள்கள் வெளியாகியிருக்கும். தடுக்க ஆளில்லை, குழாய் சுருங்குகிறது. நீல இன்ஹேலர் அட்ரினலின் செய்வதைத்தான் செய்கிறது, அதனால் ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன்னால். தினமும் இழுக்கச் சொன்ன இன்னொன்று கார்ட்டிசால் வகையறா, உள்வீக்கத்தை ஆற்றுவதற்கு. நீலத்தை மட்டும் நம்பி ஓட்டுவதை ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் ஏற்பதில்லை என்றார். "அப்போ பதற்றம்?" என்றேன். "பதற்றத்திலும் மூச்சு வாங்கும். ஊதும் அளவு இப்படி இறங்காது."

பள்ளிக்கான கடிதத்தில் "ஓடும்போது கவனிக்கவும்" என்று அடித்துக் கொடுத்தார்கள். முகப்பில் திருப்பிக் கொடுத்தேன். அச்சடித்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். உட்கார்ந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து "ஓடி முடித்த பின் 30 நிமிடம் கவனிக்கவும்" என்று புதுத்தாள் வந்தது.