நூல் பிடித்துக் கலங்கரை விளக்கம் அளத்தல்

சென்னைக்குக் கலங்கரை விளக்கம் வாய்த்த இடங்கள் நான்கு. ஒரு பாகைமானி, தையல் நூல், அதன் நுனியில் பித்தளை நட்டு, குறிபார்க்க ஒரு ஸ்ட்ரா. இவற்றை வைத்துக்கொண்டு எட்ட நின்றே உயரம் அளந்துவருகிறேன்.

மெரினாதான் எளிது. ஸ்ட்ரா வழியே உச்சியைப் பார்த்தபடி, நூல் 45 பாகையில் விழும்வரை பின்னால் நகர வேண்டும். அங்கிருந்து கோபுரத்துக்கு உள்ள தூரத்தோடு நம் கண்ணின் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம். கடற்காற்றில் நட்டு ஊசலாடிக்கொண்டே இருந்தது. கனமான நட்டு மாட்டி, விடியற்காலையில் போனபின்தான் நூல் நின்றது. முக்கோணக் கோபுரம் ஆதலால் முகப்பையே குறிவைத்தேன். கிடைத்தது 45 மீட்டர். 1977-இல் ஒளியேற்றிய இந்தக் கோபுரத்தின் உயரம் 150 அடி, அதாவது ஏறக்குறைய 46 மீட்டர். பள்ளிக்கூடப் பாகைமானிக்கு இது போதாதா!

உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள 1844-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கமான கருங்கல் தூண்தான் கெட்டிக்காரத்தனத்தைச் சோதித்தது. அடிவாரம்வரை டேப் பிடிக்க வழியில்லை. எனவே ஜார்ஜ் டவுன் பக்கம், தூணை நேராகப் பார்க்கும் கோட்டில், 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நின்று கோணம் எடுத்தேன். முன்னிடத்தில் 31 பாகை, பின்னிடத்தில் 24.5. கணக்குப் போட்டு, கண்ணின் உயரத்தையும் கூட்டினால் 39 மீட்டர். உண்மை 125 அடி, சுமார் 38 மீட்டர். பின்னிடத்துக் கோணத்தை 24 என்று வாசித்திருந்தால் 36 மீட்டராகச் சுருங்கியிருக்கும்! அரைப் பாகை மூன்று மீட்டரை விழுங்குகிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே தூரம் கூடினால் இந்தத் தடுமாற்றம் குறையும். ஆனால் பின்னால் போகப் போகத் தூணைக் கட்டடங்கள் மறைக்கின்றன. வண்டிகளுக்கு நடுவே ஸ்ட்ராவில் ஒற்றைக் கண் வைத்து நின்றவனை டீக்கடைக்காரர் சர்வேயர் என்றே நம்பிவிட்டார்.

1894-இல் விளக்கு இந்தத் தூணிலிருந்து நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்துக்கு மாறியது. அதை இன்னும் அளக்கவில்லை. 1796-இல் தொடங்கிய முதல் விளக்கோ புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மாடியில், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. விளக்கே இல்லாதபோது எதை அளப்பது? மொட்டைமாடியை அளந்து என்ன பயன்?

அடுத்து மாமல்லபுரம். அங்கே விளக்கம் பாறைக்குன்றின் மேல் நிற்கிறது. உச்சிக்கு ஒரு கோணம், அடிக்கு ஒரு கோணம் என இரண்டையும் எடுத்து, அவை தரும் உயரங்களைக் கழித்தால்தான் கோபுரத்தின் உயரம் மட்டும் கிடைக்கும். அரைப் பாகைக் கோடுகள் உள்ள பெரிய பாகைமானி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.