நாற்பது பிள்ளைகளோடு கீழடிக்கு

எங்கள் பள்ளி அருப்புக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் வந்தோம். கிளம்புவதற்கு முன்னால், ஏற்கெனவே போய்வந்த ஆசிரியர்கள் யாராவது விவரமாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். போட்டோக்கள் நிறையக் கிடைத்தன. எப்படி ஏற்பாடு செய்வது, அங்கே பிள்ளைகளை என்ன செய்யச் சொல்வது என்று எதுவும் கிடைக்கவில்லை. இனிமேல் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, அருங்காட்சியகத்துக்கு என்றைக்கு விடுமுறை என்று கேட்டுக்கொள்வது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், கீழடிக்கு வேறு கிழமை. அது தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். தலைமையாசிரியர் ஒப்புதல், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம், வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கடிதம், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதங்கள். வேனோ பஸ்ஸோ, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்), இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் நகல்களைக் கையில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒரு டிராவல்ஸ்காரர் எஃப்சி நகலை "நாளைக்குத் தாரேன், நாளைக்குத் தாரேன்" என்று இழுத்துக்கொண்டே போனார். அவரை விட்டுவிட்டு வேறு வண்டி பிடித்தோம். பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு ஊர்க்காரர்கள் சிலரும் பழைய மாணவர்களும் கொடுத்தார்கள். யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம்.

அருங்காட்சியகத்துக்கு எழுதிய கடிதத்தில் வருகிற தேதி, நேரம், வகுப்பு, எத்தனை பேர் என்பதோடு, விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். கடிதம் அனுப்பியதோடு நிற்காமல் போனிலும் பேசிவிடுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து பள்ளிகள் வந்து இறங்கினால் யார் சொல்வதும் யார் காதிலும் விழாது. காலையில் திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்வது போல் கிளம்பினோம், அது ரொம்ப நல்லதாகப் போயிற்று.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வகுப்பில் ஒரே ஒரு வேலைதான் செய்தோம். இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிச் சுவரில் 353 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். ஏணி வைத்துத்தான் எட்டியது. கீழடியில் அந்த ஆழத்தில் எடுத்த கரியை அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து மியாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தபோது, கி.மு. 580 என்ற காலக்கணிப்பு வந்தது. மாநிலத் தொல்லியல் துறை 2018இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரி அது. அதற்கு முன் 2014-15இல் வேலையைத் தொடங்கியது மத்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில். இத்தனை பெயரையும் ஆண்டையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சுவரைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் போதும். "இவ்ளோ மண்ணு யாரு டீச்சர் கொண்டுவந்து போட்டா?" என்று ஒரு பையன் கேட்டான். வைகை வெள்ளத்தையும் வண்டலையும் பற்றிப் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். குழிகளைப் பார்க்கத்தான் போகிறோம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தோண்டிய இடங்கள் பெரும்பாலும் தனியார் தென்னந்தோப்புகள். ஆய்வு முடிந்ததும் பதிவுசெய்துவிட்டு, பல குழிகளை மறுபடி மண் போட்டு மூடிவிட்டார்கள். மழையில் செங்கல் கட்டுமானங்கள் கரையாமல் இருக்கவும் அதுதான் வழி. இதைச் சொல்லாமல் கூட்டிப்போனால், தோப்பைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு முகம் சுண்டிப்போகும்.

2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகக் கட்டடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் இருக்கிறது. வேளாண்மை, மட்பாண்டம், நெசவு, கடல் வணிகம், வாழ்வியல் என்று தனித்தனிக் கூடங்கள். எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் மொத்தக் கூட்டமும் வரிசையில் நடந்துகொண்டே இருக்கும், எதிலும் கண் நிற்காது. நாங்கள் எட்டெட்டுப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கூடத்தை ஒதுக்கினோம். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு பொருளை அவர்களாகவே தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து வரைய வேண்டும். இருபது நிமிடம். மற்ற கூடங்களை அதற்கப்புறம் சுற்றிப் பார்க்கலாம்.

வரைவதற்கு உட்கார்ந்தால்தான் கேள்வி வருகிறது. நெசவுக் கூடத்துக் குழு தக்களியை எடுத்துக்கொண்டது. சுடுமண்ணில் செய்த சின்ன வில்லை, நடுவில் ஓட்டை. இதில் எப்படி நூல் வரும் என்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண், ஓட்டையில் குச்சியைச் செருகிச் சுழற்றினால் கனம் கீழே இழுக்கும், பஞ்சு முறுக்கேறும் என்று கையாலேயே செய்து காட்டினாள். அவளுடைய தாத்தா தறிக்காரர். எங்கள் ஊர்ப்பக்கம் நெசவு தெரியாத தெரு குறைவு, அதை ஒரு காட்சிப் பெட்டிக்கு முன்னால் நின்று அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வட்டச் சில்லுகளைப் பார்த்ததும் பெண்பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். உடைந்த பானையோட்டை வட்டமாகத் தேய்த்து வைத்திருக்கும் அதே சில்லு, அவர்கள் பாண்டி ஆடுகிற அதே அளவு. "இது எங்க பையிலயே இருக்கு டீச்சர்" என்றாள் ஒருத்தி. உண்மையிலேயே எடுத்துக் காட்டினாள்.

மட்பாண்டக் கூடத்தில்தான் அதிக நேரம் போயிற்று. கறுப்பு சிவப்புப் பானை எப்படி இரண்டு நிறமாகிறது என்று அங்கிருந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாததால் அந்தப் பக்கம் கறுக்கும், காற்றுப்படும் வெளிப்பக்கம் சிவக்கும். அப்புறம் தமிழி, அதாவது தமிழின் பழைய எழுத்து, கீறிய பானை ஓடுகள். நான்காம் கட்டத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேல் கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள். பெரும்பாலும் பானையைச் சுட்ட பிறகு கீறியவை. கையெழுத்தும் ஒன்றுபோல் இல்லை, ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு மாதிரி. எழுதத் தெரிந்தவர் குயவர் ஒருவர் மட்டும் இல்லை, வாங்கிப் புழங்கியவர்களும்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

"பானைல எதுக்கு டீச்சர் பேரு?" என்று ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "கல்யாணத்துக்குக் குடுத்த குடத்துல எங்கம்மா பேரு வெட்டியிருக்குல்ல, அதுமாதிரி. மாறிப்போயிரக் கூடாதுல்ல." அந்த இடத்தில் நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த குறிப்புகளை மூடி வைத்துவிட்டேன். வகுப்புக்குத் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பையன் வாயிலிருந்தே கிடைத்துவிட்டது.

மறுவாரம் எல்லோருக்கும் ஒரே வேலை. வீட்டிலுள்ள எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்களை அப்படியே நோட்டில் எழுதிவர வேண்டும். என்ன பாத்திரம், என்ன உலோகம், எந்த இடத்தில் வெட்டியிருக்கிறது, தேதி உண்டா, யார் யாருக்குக் கொடுத்தது. அகழாய்வில் ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்பு எழுதுவது போலவே. வந்தது பார்த்தீர்களா! பிறந்த வீட்டு இனிஷியலோடு பாட்டி பெயர், காதுகுத்துத் தேதி, எழுத்து தேய்ந்துபோய்ப் பாதி மட்டும் தெரிகிற ஒரு பித்தளைச் செம்பு. ஒரு பிள்ளை வீட்டுக் குண்டாவில் இருந்த பெயர் யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பந்தியில் மாறி வந்திருக்கலாம், அடகிலிருந்து வந்திருக்கலாம் என்று வகுப்பே கூடி ஊகித்தது. எது சான்று, எது ஊகம் என்பதை நான் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையே வரவில்லை.

அதோடு தமிழி எழுத்து அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். 'க' வெறும் கூட்டல் குறிதான், 'ர' ஒரு நேர்கோடு. தங்கள் பெயரை எழுதிப் பழக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குயவர் வீட்டில் கேட்டு வாங்கிவந்த உடைந்த ஓடுகளில் ஆணியால் கீறினார்கள். சுட்ட ஓட்டில் கீறுவது எவ்வளவு கஷ்டம், வளைவை விட நேர்கோடு எவ்வளவு சுலபம் என்று கை வலித்த பிறகு அவர்களே சொன்னார்கள்.

சில சில்லறை விஷயங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போங்கள், தண்ணீர் கேனும் வண்டியில் இருக்கட்டும். பேனா வேண்டாம், பென்சில் போதும். பிள்ளைகளைக் காட்சிப் பெட்டியின் கண்ணாடியில் சாய விடாதீர்கள். வினாடி வினாத் தாளைக் கையில் கொடுத்து விடைகளை நிரப்பச் சொல்லாதீர்கள், பொருளை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

குழியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திறந்த அந்தத் தள அருங்காட்சியகத்தில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் என்னும் பெரிய பானைகள் கிடைத்த இடத்திலேயே இருக்க, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பை அங்கே கூட்டிப்போகத் தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே பள்ளிப் பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் யாராவது இருந்தால், விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்கிறார்களா, மதியச் சாப்பாட்டுக்கு நிழல் எங்கே என்று தெரியப்படுத்துங்கள்.