கோத்தகிரிப் பனியில் ஓர் 'ஏ' அணி ஆட்டம்

2024 தீபாவளி வியாழக்கிழமையில் வந்ததால் நான்கு நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்தது. ஊட்டிக் கூட்டத்துக்கு அஞ்சி, இ-பாஸ் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் காரில் ஏறினோம்.

சனிக்கிழமை, நவம்பர் 2, விடிந்தும் விடியாத நேரத்தில், வீட்டார் உறங்கிக்கொண்டிருக்க, தங்கியிருந்த இடத்துக்குக் கீழே இருந்த ஒரு படுகர் ஹட்டியின் (படுகர் மக்களின் ஊர்) தேநீர்க் கடைக்கு நான் மட்டும் இறங்கிப் போனேன். அந்த வேளையில் இந்தியாவின் இரண்டாம் நிலைக் கிரிக்கெட் அணியான இந்தியா 'ஏ', ஆஸ்திரேலியா 'ஏ' அணியோடு குவீன்ஸ்லாந்தின் மெக்காய் நகரில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் இன்னிங்ஸில் 107 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி, இரண்டாம் இன்னிங்ஸில் மீண்டிருந்தது. நம் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் சாய் சுதர்சன் முந்தைய நாள் மாலை 96 ஓட்டங்களோடு களத்தில் நின்றிருந்தார். ஒரு கையில் சூடான தேநீர், மறு கையில் கைபேசி. வர்க்கியைத் தொட்டுத் தின்ன மூன்றாவது கை இல்லை.

எட்டிப் பார்த்த கடைக்காரர், "இது இந்தியா டீமாங்க? ஒருத்தரையும் தெரியலையே" என்றார். 'ஏ' அணி என்றேன். "அப்ப இது கணக்குல வராதுங்களா?" என்று கேட்டார்.

வரும். நான்கு நாள் ஆட்டமாக இருந்தால் முதல்தர ஆட்டமாகவே பதிவாகும். ஆனால் அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. பெர்த்தில் தொடங்கவிருந்த ஆஸ்திரேலிய டெஸ்ட் தொடருக்கான இந்திய அணியை ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டார்கள். அதில் சாய் இல்லை. வண்டி கிளம்பிய பிறகு நிறுத்தத்தில் நின்று அடிக்கும் சதம் அது. இரண்டாம் அணி ஆட்டக்காரரின் வாழ்வில் எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது இதுதான்: ஓட்டம் எடுப்பது அவர் கையில், எடுக்கும் நாள் அவர் கையில் இல்லை. அதே அணியில் இருந்த அபிமன்யு ஈஸ்வரனுக்குக் கதை நேர்மாறு. டெஸ்ட் அணியில் பெயர் இருந்தது, மெக்காயில் 7, 12 என்று ஆட்டமிழந்தார், அந்தத் தொடரில் ஒரு டெஸ்டும் ஆடாமலே திரும்பினார்.

சாய் சதத்தைத் தொட்டபோது நான் மட்டும் கைதட்டினேன். கடையோரம் கட்டியிருந்த நாய் ஒருமுறை குரைத்தது. சிறிது நேரத்தில் 103-இல் அவர் வெளியேறினார்.

கடைக்குக் கீழே தேயிலைச் சரிவை வெட்டிச் சமன்செய்த மைதானத்தில் பையன்கள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். பந்து செடிகளுக்குள் போனால் அடித்தவனே தேட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பனியில் நனைந்த இலைகளை விலக்கி, முழங்கால்வரை ஈரமாகி, ஒருவன் தேடிக்கொண்டே இருந்தான்.

ஒன்பதரைக்குக் கடைத் தொலைக்காட்சியில் மும்பையில் நியூசிலாந்தோடு நடந்த டெஸ்டின் இரண்டாம் நாள் ஆட்டம் தொடங்கியதும் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. நான் கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மலையிறங்கினோம். ஆஸ்திரேலியா 'ஏ' 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றிருந்தது. மும்பையில் நியூசிலாந்திடம் 25 ஓட்ட வித்தியாசத்தில் தோற்று, தொடரையும் 0-3 என்று இழந்திருந்தோம். மேட்டுப்பாளையத்தில் சாப்பிட அமர்ந்த இடத்தில் மேசைக்கு மேசை மும்பையைப் பற்றியே பேச்சு. சாயின் சதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாம்பார் வந்துவிட்டது.