நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளில் பிஎச்டி: நான் முடித்த விதம்

சட்டத்தில் ஆசிரியர் வேலைக்கு வர நினைக்கும் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். எல்எல்எம் (சட்டத்தில் முதுகலை), நெட் (தேசிய அளவிலான ஆசிரியர் தகுதித் தேர்வு), நுழைவுத் தேர்வு, கோர்ஸ்வொர்க் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பாதைதான். ஆளைச் சாய்ப்பது தலைப்பு.

"நுகர்வோர் பாதுகாப்பு" என்று மொட்டையாக எழுதிக்கொண்டு வருபவர்களிடம் என் நெறியாளர் கேட்பது ஒன்றுதான்: "சரி, இதில் கேள்வி எங்கே இருக்கு?" நான் எடுத்த கேள்வி இது. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்ட அச்சடித்த நிபந்தனையை நீதிமன்றம் எதை வைத்துத் தள்ளுகிறது? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது, அதனால் தகாத செல்வாக்கு பற்றிய 16, பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தங்கள் பற்றிய 23 ஆகிய பிரிவுகளைத்தான் நீட்டி வளைக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் தீர்ப்புகளை முழுசாகப் படியுங்கள், பாடநூல் சுருக்கம் போதாது. எனக்குப் பிடித்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் லில்லி வைட் வழக்கு. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துபோகிறது, ரசீதிலோ தொலைந்தால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று அச்சடித்திருக்கிறார்கள். பொதுக் கொள்கைக்கு விரோதம், செல்லாது என்றது நீதிமன்றம். 1986இல் பிரோஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலை ஒப்பந்தத்துக்கும் பிரிவு 23ஐத்தான் கையில் எடுத்தது. சட்டச் சீர்திருத்தங்களைப் பரிந்துரைக்கும் சட்ட ஆணையமும் 1984இல் ஒன்று, 2006இல் ஒன்று என இரண்டு அறிக்கை கொடுத்துப் பார்த்தது. ஒப்பந்தச் சட்டம் அசையவில்லை.

"ஆகவே தனிச் சட்டம் தேவை" என்று நான் அத்தியாயத்தை முடித்து வைத்திருந்தபோது புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்து நின்றது! பிரிவு 2(46) நியாயமற்ற ஒப்பந்தம் என்றால் என்ன என்றே வரையறுத்துவிட்டது: அளவுக்கு மீறிய முன்வைப்புத் தொகை, நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதம், காரணமின்றி ஒருதலையாக ரத்து செய்யும் உரிமை இப்படி. சட்டத் துறையில் ஆய்வு செய்தால் இது நடக்கும், பதறிப் பயனில்லை. அந்த அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சட்டத்தை வரிவரியாகப் படித்ததில்தான் ஆய்வேட்டின் உயிரான விஷயமே கிடைத்தது. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்களுக்குத்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இதே கதைதான்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் நேராக அங்கேதான் வந்தார். "அந்தப் புடவைக்காரர் இன்றைக்கு எங்கே போவார்?" சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்கே போகலாம், ஆனால் அந்த நிபந்தனையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்டால் மாநில ஆணையம்தான் என்றேன். அதன்பிறகு அடிக்குறிப்புகளைப் பற்றித்தான் பேச்சு.

அப்புறம் வேலை. பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின் 2023 திருத்தத்துக்குப் பிறகு உதவிப் பேராசிரியர் பதவிக்கு நெட், அல்லது மாநில அளவிலான தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று இருந்தால் போதும், பிஎச்டி கட்டாயமில்லை. ஆகவே வேலைக்காக மட்டும் பிஎச்டியில் இறங்காதீர்கள். பதவி உயர்வுக்கு எப்படியும் தேவைப்படும் என்பது வேறு விஷயம்.