எங்க நின்னு படிப்பாங்க? – வியாசர்பாடி டிசைன் வகுப்பு, நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

புது பேட்ச் இன்று ஆரம்பம். பாதிப் பேர் வியாசர்பாடி, எம்.கே.பி. நகர். மிச்சம் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை. எல்லாம் வட சென்னைதான். காசிமேட்டிலிருந்து ஒரு பெண். யாரும் ஒன்றும் தெரியாமல் வரவில்லை. போனில் பிக்ஸல்லேப், கேன்வா என்ற டிசைன் ஆப் எல்லாம் அத்துப்படி. ஏரியா அண்ணனுக்குப் பிறந்தநாள் என்றால் ராத்திரி பன்னிரண்டு அடிப்பதற்குள் ஸ்டேட்டஸ் போஸ்டர் ரெடி. பின்னால் சிங்கம், மேலே தீப்பொறி, பெயருக்குத் தங்க நிறம், தங்கத்துக்கு ஒரு நிழல், அந்த நிழலுக்கு ஒரு ஒளி. தலைமுடியை இழை இழையாகப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும் பொறுமை கொருக்குப்பேட்டைப் பையனுக்கு இருக்கிறது. எனக்குக் கிடையாது.

ஒரு பையனின் அப்பா கூடவே வந்திருந்தார். ஹார்பரில் லோடு வேலை. “சார், கோரல் எத்தினி நாள்ல முடியும்?” என்றார். கோரல்டிரா என்ற டிசைன் சாப்ட்வேரைச் சொல்கிறார். ஃபீஸ் கட்டுகிறவர் கேட்கவேண்டிய கேள்விதான். போட்டோஷாப்பும் சேர்த்து மூன்று மாதம் என்றேன். முதல் வாரம் சிஸ்டத்தைத் தொடவே விடமாட்டேன் என்பதை அவர் போனபிறகு பிள்ளைகளிடம் சொன்னேன். முகமெல்லாம் தொங்கிவிட்டது.

ஜூன் 11, புதன்

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைக்கு எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போனேன். டீக்கடைக்கு எதிர்ச் சுவரில் புதிதாக ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்தப் பக்கம் நின்றபடியே என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

முதலில் முகம். அடுத்து பெயர். அதுவும் அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, மேற்கோள் குறிக்குள் இருக்கும் பட்டப்பெயர். அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கே ஆள் யாரென்று தெரியாது. பட்டப்பெயரைச் சொன்னால் தெருவே திரும்பும். மூன்றாவதாகத் தோற்றம், மறைவு தேதிகள். கீழே பொடி எழுத்தில் வருந்துவோர் வரிசை. அதைப் படிக்க ரோட்டைத் தாண்டிப் போகவேண்டும். அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் கட்டாயம் தாண்டிப் போய்ப் படிப்பார்கள்.

எது முதலில் கண்ணில் படவேண்டும், எது அடுத்து என்கிற இந்த வரிசைக்கு டிசைன் புத்தகத்தில் ஹையரார்க்கி என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. படங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கச்சேரி போஸ்டர்கள். எங்கள் சுவரில் அந்த அத்தியாயம் தினமும் பசை காயாமல் ஒட்டப்படுகிறது. இதைச் செய்த டிடிபி ஆபரேட்டர் அந்த அத்தியாயத்தைப் படித்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவன் யார், அந்தப் பக்கம் கிட்டே போகப்போகிறவன் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அறைக்குத் திரும்பியதும் பலகையில் ஒரே வரி எழுதிப்போட்டேன்: எங்க நின்னு படிப்பாங்க? மூன்று மாதமும் அதை அழிப்பதாக இல்லை.

ஜூன் 19, வியாழன்

மொட்டைமாடி வகுப்பு. ஏ4 தாளில் எழுத்துகளைப் பல அளவில் அச்சடித்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்பக்கமாக நடக்கச் சொன்னேன். எந்த இடத்தில் படிக்க முடியாமல் போகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. போர்டு எழுதும் தொழிலில் ஒரு கணக்கு சொல்வார்கள்: பத்து அடித் தூரத்துக்கு ஒரு அங்குல உயரம் இருந்தால் எழுத்தைச் சுகமாகப் படிக்கலாம். அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு வந்தது. தமிழுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கத்தான் இந்த வெயில்.

ஒத்துவரவில்லை. ‘ட’, ‘ப’, ‘ம’ எல்லாம் கணக்கைத் தாண்டியும் நிற்கின்றன. ‘ண’வும் ‘ன’வும் சீக்கிரமே ஒன்றாகிவிடுகின்றன. சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப்போனால் ரெண்டும் ஒரே கறுப்புக் கட்டி. ‘ஞ’ இன்னும் மோசம். எழுத்தைத் தடிமனாக்கினால் தூரத்திலும் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தடிமன் கூடக்கூட சுழிதான் முதலில் அடைபடுகிறது. இதைத் தண்டையார்பேட்டைப் பெண் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் பிடிபட்டது. சாப்ட்வேரில் எழுத்தளவைப் பாயின்டில் சொல்வார்கள், 72 பாயின்ட் என்றால் ஒரு அங்குலம். ஆனால் 72 பாயின்டில் அடித்த ‘ம’ ஒரு அங்குலம் இருக்காது. கொம்பு, சுழி, கீழே தொங்கும் உகரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். அதே அளவில் லதா எழுத்துருவில் அடித்ததும் கேட்டமரன் எழுத்துருவில் அடித்ததும் வேறு வேறு உயரம். பாயின்டை நம்பாதே, ஸ்கேலை வை.

ஜூலை 2, புதன்

சிஸ்டத்தைத் திறந்து ரெண்டு வாரமாகிறது. இன்று எழுத்து அமைப்பு. எனக்குப் பிடித்த பாடம், அதனால் நேரம் போனது தெரியவில்லை.

புத்தகம் சொல்கிற வழிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் போட்டுப் பார்த்தோம். தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போடு என்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட இட்டாலிக் செய் என்கிறது. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் காற்றில் சாய்ந்த பந்தல்கால் மாதிரி இருக்கிறது, அழுத்தம் வருவதில்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் தலைப்பு கம்பீரமாகும் என்கிறது. ‘கொண்டாட்டம்’ என்று அடித்து இடைவெளியைக் கூட்டிப் பார்த்தான் ஒருவன். ‘கொ’ மூன்றாக உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்றது. வகுப்பே சிரித்தது. வரிக்கும் வரிக்கும் எழுத்தளவில் 120 சதவீதம் என்று சாப்ட்வேர் தானாக வைக்கும் இடைவெளியில் மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் முட்டிக்கொண்டன. நான் 140-க்குக் குறைவாக வைப்பதில்லை. சில எழுத்துருவுக்கு அதற்கும் மேலே வேண்டும்.

அப்படியானால் தமிழில் கையில் மிஞ்சுவது என்ன? அளவு, தடிமன், நிறம், சுற்றி விடும் காலி இடம். இந்த நான்கும் போதும். சிங்கமும் தீப்பொறியும் இல்லாமல் இந்த நான்கை மட்டும் வைத்து வீட்டு வாடகைக்கு என்று ஒரு நோட்டீஸ் செய்யச் சொன்னேன். ஒருவராலும் பதினைந்து நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை, கை தானாக எஃபெக்ட் மெனுவுக்குப் போகிறது.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருப் பிரச்சினையும் இன்றே வந்தது. பிராட்வே அச்சகங்களில் இன்னமும் பழைய கோரலும் பாமினியும் ஓடுகின்றன. அதில் அடித்ததைப் போனுக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரிய வைக்கும் யூனிகோடை 2010-இலேயே தமிழ்நாடு அரசு தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆணை பிராட்வேக்கு மெதுவாகத்தான் வருகிறது. வேலைக்குப் போகவேண்டிய பிள்ளைகள், ரெண்டையும்தான் கற்றுக்கொள்ளவேண்டும்.

எம்.கே.பி. நகர்ப் பெண் தன் ஆயாவின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்திருந்தாள். மஞ்சள் தாள், அச்சுக் கோத்த காலம். ‘லை’யும் ‘னை’யும் தும்பிக்கை வைத்த பழைய வடிவம். பெரியார் 1935-இல் குடி அரசில் புழங்கத் தொடங்கிய மாற்றம், 1978-இல் அரசாணையாகி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. அச்சுக் கோப்பவரின் பெட்டியில் எத்தனை அறைகள் குறைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது வேறு: “ஆயா இப்ப இருக்கிற ‘லை’ய தடுமாறாம படிக்கிது சார். நா பழச படிக்க முடில.” இருபது வயதில் யாருக்கு எந்த வடிவம் பழக்கம் என்று யோசிக்கிறாள். நல்ல அறிகுறி.

ஜூலை 9, புதன்

நிறம். கோட்பாடு கொஞ்சம்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அதில் மின்னுகிற பச்சை, தாளில் வரவே வராது. அங்கே இருப்பது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைதான். பூதக்கண்ணாடியில் பேப்பர் விளம்பரத்தைப் பார்க்கக் கொடுத்தேன். “எல்லாம் புள்ளியா கீது” என்று ஒரு கத்தல். பொடி எழுத்தை நான்கு மை கலந்த கறுப்பில் போட்டால் ஏன் ஓரம் மங்குகிறது என்பதைத் தனியாக விளக்கவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சு பிளேட், அது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நான்கு மையும் நாலு திசை பார்க்கும். பொடி எழுத்துக்குத் தனிக் கறுப்பு, 100 சதவீதம், வேறு மை வேண்டாம்.

ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கலர்த் தாள்களை வெட்டி, ஒரே சாம்பல் துண்டை மஞ்சள் மேலும் கறுப்பு மேலும் வைத்துக் காட்டினேன். ரெண்டும் ஒரே துண்டு என்று நம்ப மறுத்தார்கள்.

வட சென்னையில் நிறம் சும்மா நிறமாக இருப்பதில்லை என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பையன் சலூன் போர்டுக்கு நீலமும் வெள்ளையும் போட்டான். பக்கத்திலிருந்தவன், “இன்னாடா, அம்பேத்கர் ஜெயந்தி பேனரா?” என்றான். கறுப்பு சிவப்பு போட்டால் ஒரு கட்சி, சிவப்பு மட்டும் போட்டால் யூனியன், பச்சையோடு பிறை போட்டால் வேறு. கட்சி படாத ஜோடி தேடி அரை மணி நேரம் போனது. கடைசியில் ரோஸும் சாம்பலும். சலூன்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பது என் யூகம்.

ஜூலை 15, செவ்வாய்

ரூபாய்க் குறியீட்டை மத்திய அரசு ஏற்றுக்கொண்ட நாள், 2010-இல். வரைந்த உதயகுமார் தமிழர், அண்ணா பல்கலையில் கட்டடக்கலை படித்தவர், பிறகு மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவம் பற்றி ஆராய்ந்தவர். இன்னார் நம்ம ஊரில் படித்தார் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். குறியீட்டை விலைச்சீட்டு அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம். மேலே இருக்கும் ரெண்டு கோடுகளும் அந்த அளவிலும் ஒட்டிக்கொள்ளவில்லை. இன்று வேறு பாடம் இல்லை, கரன்ட் போய்விட்டது.

ஜூலை 24, வியாழன்

ஆடி மாதம். பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் மூன்றாம் ஞாயிறு கூழ் வார்க்கிறார்கள். நோட்டீஸ் வேலை எங்களுக்கே வந்தது. ரோஸ் தாள், சிங்கிள் கலர்.

காசிமேட்டுப் பெண்ணுடையதைத் தேர்ந்தெடுத்தோம். நடுவில் ஞாயிறு, தேதி, நேரம் மூன்றும் பெரிதாக, சுற்றிலும் தாராளமாகக் காலி இடம். விழாக்குழு அண்ணன் பார்த்தார். “இம்மாம் எடம் காலியா கீதே, இன்னும் பத்து பேரு போடலாமே!”

இந்த இடத்தில் டிசைன் படித்தவர்கள் வழக்கமாகக் காலி இடத்தின் மகிமையைப் பேச ஆரம்பித்துத் தோற்பார்கள். அவள் மகிமை எதுவும் பேசவில்லை. “அண்ணா, இத எங்க ஒட்டுவீங்க?” ரேஷன் கடை, குழாயடி, கோயில் வாசல். “குழாயடில கொடத்த இடுப்புல வச்சிக்கினு நிக்கிற ஆயா, கூழு எத்தினி மணிக்குன்னு எங்க பாக்கும்?” அவர் தாளைக் கையில் நீட்டிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிம்மா, அது அப்பிடியே இருக்கட்டும். ஆனா பேரு வேணும். பணம் குடுத்தவங்க.”

பெயர்கள் பின்பக்கம் போயின, ஒரு பெயரும் விடுபடாமல். சுவரில் ஒட்டுவதற்குப் பின்பக்கம் தேவையில்லை, வீடு வீடாகக் கொடுப்பதற்கு ரெண்டு பக்கம். செலவு கொஞ்சம் கூடியது, அவர் முணுமுணுக்கவில்லை. பணம் கொடுத்தவர் தன் பெயரைக் கையில் வைத்துத்தான் தேடுவார் என்பதை அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவரை வகுப்பெடுக்கக் கூப்பிடலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஃப்ளெக்ஸ் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். சதுர அடிக் கணக்கு. டிசைன் இலவசம் என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 72 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி, போதும், கையில் பிடித்துப் படிக்கும் நோட்டீஸுக்குத்தான் 300, வெட்டும் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் அதிகம் விடு, அனுப்புமுன் கோரலில் கன்ட்ரோல் க்யூ அடித்து எழுத்தைக் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கு. இதெல்லாம் ஓனர் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார், என்னைவிடத் தெளிவாக.

பிறகு கொருக்குப்பேட்டைப் பையனின் கையைப் பார்த்துவிட்டு, “எப்ப வேலைக்கு வர்ற?” என்றார். படத்தில் தலைமுடியைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும் வேகம். காதணி விழா பேனர் ஒன்றை வாடிக்கையாளர் டீ குடித்து முடிப்பதற்குள் முடிக்கவேண்டும். எங்கே நின்று படிப்பார்கள் என்று கேட்க அங்கே நேரம் கிடையாது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனால் அவன் வீட்டில் அந்தச் சம்பளம் தேவை. போகாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்கு யார் கொடுத்தது? நான் தொழில் பழகியதும் இதைப்போன்ற ஒரு கடையில்தான். கேள்வி மண்டையில் ஏறிவிட்டால் டீ டம்ளர் நேரத்திலும் கை அதைக் கேட்கும் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், உத்தரவாதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரலாமா என்றான். வா என்றேன். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காசிமேட்டு மகளிர் குழு ஒன்று கருவாடு பாக்கெட் போடப்போகிறார்களாம், லேபிள் வேண்டும். தன் அத்தை குழு என்று அந்தப் பெண்ணே பிடித்து வந்த வேலை. கடைசி மாதத்துக்கு இதுதான் வகுப்பு முழுவதற்கும் புராஜெக்ட்.

லேபிளில் நம் இஷ்டத்துக்கு விளையாட முடியாது. அசைவம் என்பதால் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண், எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி. எடையும் விலையும் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்டதும் தண்டையார்பேட்டைப் பெண் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். மொட்டைமாடியில் நாங்கள் சாக்பீஸால் போட்ட கோட்டை அரசாங்கமும் எங்கோ போட்டிருக்கிறது.

முதல் ஸ்கெட்ச்சில் பொடி மீனை அழகாக வரைந்திருந்தார்கள், கண்ணெல்லாம் வைத்து. கவர் உள்ளே தெரிகிற மாதிரியா, மூடின கவரா என்று இன்னும் யாரும் அத்தையிடம் கேட்கவில்லை. தெரிகிற கவர் என்றால் மீன் படமே வேண்டாம். நாளைக் காலை மீன் ஏலம் முடிந்ததும் போய்க் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.