முள்ளம்பன்றிக்குக் கூண்டு கட்டுவது

கோவை மாவட்டம் காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்து வீட்டில் அடிபட்ட காட்டு உயிர்களைப் பராமரிக்கிறோம். மயில், மரநாய் எல்லாம் வரும். என் நேரத்தை அதிகம் வாங்குவது முள்ளம்பன்றிதான். எலி, அணில் வகையறா. வளர்ந்துவிட்டால் 15 கிலோ சுலபமாக இருக்கும்.

இந்த வகையறாவுக்கு முன்பல் சாகும்வரை வளரும். எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மரக்கதவெல்லாம் தாங்காது, கோழிவலை பற்றிப் பேச்சே வேண்டாம். கனத்த கம்பி வலை, அடியில் காங்கிரீட் தளம், அதன்மேல் தோண்டிக்கொள்ள ஒரு முழம் மண். இந்த வேலையில் பாதி கொத்தனார் வேலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை! கொறிக்க வேப்பங்கட்டையும் மாட்டெலும்பும் போடுவோம். காட்டிலும் விழுந்து கிடக்கும் எலும்பையும் மான் கொம்பையும் கொறித்துத்தான் சுண்ணாம்புச் சத்தைத் தேடிக்கொள்ளும். பல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வெற்றிலை போட்டதுபோல இருக்கிறதே என்பார்கள் பார்க்க வருபவர்கள். நல்ல பல்லுக்கு நிறமே அதுதான்.

முள்ளை அம்புபோல எய்யும் என்பது வெறும் கதை. மிரண்டால் முள்ளைச் சிலிர்த்து, வாலிலிருக்கும் குழல் முட்களைக் கலகலவென்று ஆட்டும். காலால் தரையை உதைக்கும். அதற்கும் நாம் நகராவிட்டால் சட்டென்று பின்பக்கமாக வந்து மோதும். அதனால் முழங்கால் உயரப் பலகை ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவது. தீனியை வைத்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். கொஞ்சிப் பழக்கினால் நாளைக்கு ஆளைப் பார்த்து ஓடாது. அது அதன் உயிருக்கே வினை.

பெரும்பாலும் சுருக்குக் கம்பியில் மாட்டித்தான் வருகின்றன. கம்பி தோலுக்குள் புதைந்து, மேலே வீக்கம் மூடியிருக்கும். டாக்டர் மயக்க ஊசி போட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியும். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், சரி. ஆனால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டவர் விடிந்து போய்ப் பார்க்கும்போது வரிசையாகத் தோண்டிக் கிடக்கும். சொட்டுநீர்க் குழாயையும் கடித்து வைத்திருக்கும். அவர் வயிற்றெரிச்சலும் நியாயம்தானே.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருநாள் எங்கள் தீனிக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் தம்பி, எங்க கெழங்கத் தின்னுபோட்டு வந்ததுக்கு நீங்களும் கெழங்கேதான் வெக்கறீங்களா?"

சிரிப்புத்தான் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் அவர் கிழங்குக் காட்டுக்கு வேலி போட நாங்களும் போனோம். வலையை மண்ணுக்குள் இறக்கி, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும். நேராக நிறுத்தினால் அடியில் பறித்து நுழைந்துவிடும். வலை வாங்கின காசு மேற்குப் பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. அந்தப் பக்கம் கிழங்கு தப்புகிறது. தெற்கே இன்னும் தோண்டத்தான் செய்கிறது.