அண்ணாச்சியின் நோட்டு

இன்று காலை சேரன்மகாதேவியில் ஒரு டீக்கடை பெஞ்சில், அண்ணாச்சி தம் கோடு போட்ட நோட்டை என் மடிக்கணினிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயிகளின் பெயர்கள் ஊர்வாரியாக எழுதப்பட்டிருந்தன. சில பெயர்களுக்கு எதிரே சிவப்புப் புள்ளி.

"புள்ளி வச்சதெல்லாம் பட்டன் போன் தம்பி. உங்க ஆப்பு அவுகளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

ஆப்பு என்று அவர் சொன்னதில் உள்குத்து ஏதும் இல்லை என்றே நம்புகிறேன்.

தண்ணீர் திறப்பு, ஆக்கிரமிப்பு, மணல் அள்ளுதல் ஆகியவற்றைக் கடைமடை ஊர்கள் ஒன்றுக்கொன்று உடனுக்குடன் தெரிவித்துக்கொள்வதற்காக நண்பர்கள் சேர்ந்து ஆறு மாதமாக ஒரு செயலி செய்துவருகிறோம். வாட்ஸ்அப் குழுவே போதாதா என்று பலரும் கேட்டார்கள். அதில் 1024 பேர் வரை சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் உறுப்பினர் எவருடைய எண்ணும் மற்ற எல்லோருடைய கண்ணிலும் படும். மணல் லாரியைப் படம் எடுத்துப் போட்ட ஒரு பெண்ணுக்கு அன்றிரவே முகம் தெரியாத அழைப்புகள் வந்தன. மறுநாள் அவர் குழுவில் இல்லை.

ஆகவே எண்ணை மறைப்பதில்தான் எங்கள் கவனம் முழுவதும் இருந்தது. இணையமே இல்லாதவர்களை மறந்துவிட்டோம்.

மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்துச் செய்தியைக் குரலில் வாசிக்கும்படி செய்ய முடியுமா என்று அண்ணாச்சி கேட்டார். முடியும். சற்றே செலவாகும்.

சிவப்புப் புள்ளிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.